கூடுதலாக ஓடும் கியர் ஜீப்: திருகோணமலையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கொந்தராத்து வேலை, மருந்து விநியோகம், மீன் வியாபாரம், கிராமங்களுக்குப் போகிற வெளிக்கள உத்தியோகம் என்று திருகோணமலையில் ஜீப்பை நம்பிப் பிழைப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. பதில்கள் பெரும்பாலும் டீசல் கியர் ஜீப்பை, அதாவது கிளட்ச் மிதித்துக் கையால் கியர் மாற்றும் ஜீப்பை, மனதில் வைத்து எழுதியவை.

நான் மாசம் 2,500 கிலோமீற்றர் ஓடுறன். அது கூடவா?

கூடத்தான். வருடத்துக்கு 30,000 வருகிறது. வீட்டுப் பாவனைக்கு நிற்கும் வண்டி இரண்டு மூன்று வருடத்தில் ஓடுவதை நீங்கள் ஒரே வருடத்தில் ஓடிவிடுகிறீர்கள்.

ஆனால் எண்ணை மட்டும் பார்க்க வேண்டாம். கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போகிற வண்டி ஏறக்குறைய 260 கிலோமீற்றரில் பெரும்பகுதியை மேல் கியரிலேயே ஓடி முடிக்கிறது. ஒயில் சரியான சூட்டில் நிற்கும், கிளட்சுக்கு வேலை குறைவு. அதே தூரத்தை ஒரு வாரமாக நகரத்துக்குள்ளும் கிண்ணியாச் சந்தைக்குள்ளும் கடை கடையாக நின்று நின்று ஓடினால் கிளட்ச், பிரேக், ஸ்டார்ட்டர் எல்லாம் பல மடங்கு தேயும். மீற்றரில் ஒரே எண் காட்டும் இரண்டு ஜீப் ஒரே வயது இல்லை. கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

கியர் வண்டியா ஓட்டோவா? எது கனகாலம் நிக்கும்?

நல்ல ஓட்டோ, அதாவது தானாகக் கியர் மாறும் ஓட்டோமெட்டிக், கியர் பொக்ஸும் கனகாலம் நிற்கும். பிராடோ போன்ற டொயோட்டா ஜீப்புகளில் வரும் ஐசின் ஓட்டோ கியர் பொக்ஸ், ஒயிலை நேரத்துக்கு மாற்றினால் எஞ்சினோடு போட்டி போட்டு ஓடும். "ஓட்டோ என்றால் உடையும்" என்பது பழைய பேச்சு.

ஆனாலும் நான் கியர் வண்டியை எடுக்கச் சொல்வேன், அதற்குக் காரணம் வேறு. கியர் வண்டியில் தேய்வது கிளட்ச். அது தேயத்தான் செய்திருக்கிறார்கள், தேய்ந்தால் இங்கேயே ஒரு நல்ல பாஸ் (மெக்கானிக்) கழற்றிப் பூட்டுவார். ஓட்டோ கியர் பொக்ஸ் உள்ளே பழுதானால் அதைத் திறந்து சரியாகச் செய்யத் தெரிந்த கையைத் தேடி வெளியூருக்கு அனுப்ப வேண்டி வரும். வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் வருமானமும் நிற்கிறது. கால் முழங்கால் வருத்தம் உள்ளவர், நாள் முழுக்கக் கொழும்பு நெரிசலில் ஓட்டுபவர் என்றால் கதை வேறு. அவர்களுக்கு ஓட்டோதான் நல்லது.

நானா, ரெண்டு லட்சம் ஓடின ஜீப் ஒண்டு வந்திருக்கு. எடுக்கலாமா, பயப்பிடணுமா?

இரண்டு லட்சம் கிலோமீற்றர் ஒரு நல்ல டீசல் ஜீப்புக்கு முடிவு இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தப் பக்கம் ஓடித் திரிந்த வெள்ளை லேண்ட் குரூசர்களை நினைத்துப் பாருங்கள். லேண்ட் குரூசர் 70 வரிசை ஜீப்பில் வரும் 1எச்இசட் எஞ்சின் 4.2 லீற்றர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லை, கணினி இல்லை. வேகம் வராது. ஆனால் பராமரித்தவர்களிடம் நாலு ஐந்து லட்சம் ஓடுவது அதிசயமே இல்லை.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் ஏறக்குறைய ஐந்து வருடம் புது வண்டி வருவது அரிதாகவே இருந்தது. அதனால் சந்தையில் நிற்கும் பாவித்த ஜீப்புகளில் பெரும்பாலானவை வயது போனவை. 2012 ஜீப் ஒன்று 60,000 மட்டும் காட்டினால் எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். சேர்விஸ் பதிவோடு வரும் 2,20,000 வண்டி அதைவிட நல்லது.

மீற்றரைக் குறைச்சிருக்கிறாங்களா எண்டு எப்படிப் பிடிக்கிறது?

கால் வைக்கிற இடத்தைப் பாருங்கள். கிளட்ச் பெடல் ரப்பர் ஒரு பக்கம் வழித்துத் தேய்ந்திருக்கிறதா, அல்லது 80,000 காட்டும் வண்டியில் ரப்பர் புத்தம் புதிதாக இருக்கிறதா? இரண்டுமே கேள்வி கேட்க வேண்டிய விஷயம். கியர் குமிழில் எண்கள் அழிந்திருப்பது, ஸ்டீயரிங்கின் மேல் பகுதி பளபளப்பது, சாரதி சீட்டின் கதவுப் பக்க விளிம்பு அமுங்கியிருப்பது, இவையெல்லாம் எளிதில் பொய் சொல்லாது. எஞ்சின் பெட்டிக்குள் ஒயில் மாற்றிய அட்டை எங்காவது ஒட்டியிருக்கும். மீற்றரைத் திருத்துபவர்கள் அதைக் கிழிக்க மறந்துவிடுவதுண்டு.

பழைய சேர்விஸ் பில்லைக் கேளுங்கள். "தொலைந்துவிட்டது" என்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

கிளட்ச் எத்தனை கிலோமீற்றர் வரும்?

80,000இலும் போகலாம், 2,00,000 தாண்டியும் நிற்கலாம். இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காரணம் கம்பனி இல்லை, சாரதியின் இடது கால். கிளட்ச் பெடலில் காலை வைத்தபடி ஓட்டுபவர் ரிலீஸ் பெயாரிங்கை (பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் பெயாரிங்) ஓயாமல் சுழற்றுகிறார், கிளட்ச் பிளேட்டும் மெல்ல வழுக்கும். சிக்னலில் கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்தபடி நிற்பது இன்னொரு கெட்ட பழக்கம். நியூட்ரலில் விட்டு காலை எடுங்கள். மேட்டில் வண்டியைக் கிளட்சால் பிடித்து வைக்காமல் கைப் பிரேக்கைப் பாவியுங்கள். மணலில் புதைந்த வண்டியைக் கிளட்சை அரைகுறையாக விட்டு விட்டு உறுமவைத்தால், பல மாதத் தேய்வு ஒரு மாலையில் போகும்.

வழுக்குகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஆளில்லாத நேரான வீதியில், மணிக்கு 50 அளவில் மேல் கியரைப் போட்டு அக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் திடீரென ஏறி, வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால் பிளேட் முடிந்துவிட்டது. பெடல் மேலே வந்து பிடிப்பது, கருகிய வாசம் இரண்டும் முன்னறிவிப்பு. வண்டி வாங்கும்போதும் இந்தப் பரிசோதனையைச் செய்யுங்கள்.

பிளேட்டை மட்டும் மாத்தினாக் காணாதா? பாஸ் முழு செட் எண்டுறார், காசு பிடுங்கத்தானே?

இந்த விஷயத்தில் பாஸ் சொல்வது சரி. ஃபோர் வீல் ஜீப்பில் கியர் பொக்ஸை இறக்க முன்னும் பின்னுமான இரண்டு புரொப்பெல்லர் தண்டையும் கழற்றி, முன் பின் சில்லுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியையும் சேர்த்து இறக்க வேண்டும். செலவில் பெரிய பங்கு அந்த வேலைக்கூலி. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங், நடுவில் இருக்கும் சின்னப் பைலட் பெயாரிங் எல்லாம் ஒன்றாகப் போக வேண்டும். எஞ்சின் கிராங் தண்டின் பின் சீல் கொஞ்சமாவது ஈரமாக இருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள். அந்தச் சீலால் ஒயில் கசிந்தால் புதுப் பிளேட் நனைந்து வீணாகும், அப்புறம் மறுபடி அத்தனையும் இறக்க வேண்டும்.

கிளட்ச் பிளேட் அழுந்துகிற கனத்த சக்கரமான ஃபிளைவீலின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலம் பாய்ந்து, மயிரிழை வெடிப்பு இருந்தால் லேத்தில் முகம் வெட்ட வேண்டும், ஆழமான வெடிப்பு என்றால் மாற்ற வேண்டும். புதிய டர்போ டீசல்கள் பலவற்றில் இரட்டை ஃபிளைவீல் வருகிறது: இரண்டு தட்டு, நடுவில் சுருள் வில். அதை லேத்தில் வெட்டக் கூடாது. விலையும் கனக்கும். வாங்க முன்பே அந்த மொடலுக்கு அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கியர் பொக்ஸ் ஒயில் ஆயுசுக்கும் மாத்தத் தேவையில்லயாம். உண்மையா?

யாருடைய ஆயுசுக்கு என்று கேட்க வேண்டும். முதல் உரிமையாளர் விற்கும் வரை என்றால் உண்மையாக இருக்கலாம். வேலைக்கு ஓடும் ஜீப்புக்கு 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை கியர் பொக்ஸ், டிரான்ஸ்ஃபர், முன் பின் டிஃபரென்ஷியல் (அச்சின் நடுவில் உள்ள கியர் பெட்டி) எல்லாவற்றின் ஒயிலையும் மாற்றுவது நல்ல கணக்கு. கொழும்புக்கு ஒரு முறை போய்வரும் டீசல் காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரிய செலவு இல்லை.

ஒயில் வகையில் கவனம். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஒயிலின் தர வகைகள், போத்தலில் போட்டிருக்கும். டிஃபரென்ஷியலுக்கு ஜிஎல்-5. கியர் பொக்ஸுக்குக் கைநூலில் ஜிஎல்-4 என்று போட்டிருந்தால் ஜிஎல்-4 மட்டும்தான். கியர் பொக்ஸ் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களுக்கு உராய்வு வேண்டும், அப்போதுதான் கியர் சத்தமில்லாமல் விழும். ஜிஎல்-5இல் இருக்கும் சேர்மானங்கள் அந்தப் பித்தளைக்கு ஒத்துவராமல் போகலாம். "எல்லாம் கியர் ஒயில்தானே" என்று ஒரே வாளியிலிருந்து ஊற்றுகிற கராஜில் பக்கத்தில் நின்று பாருங்கள். இன்னொன்று: வடிக்கும் ஆணியைத் திறக்க முன் நிரப்பும் ஆணி கழலுகிறதா என்று பாருங்கள். துருப்பிடித்துக் கழலாமல் போனால் ஒயில் இல்லாத கியர் பொக்ஸோடு நடுக் கராஜில் நிற்பீர்கள்.

காலையில ரெண்டாம் கியர் மட்டும் விழ மாட்டேங்குது, கர் எண்டுது. குளிருக்கா?

நுவரெலியாவில் கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பேன். திருகோணமலையில் அந்தச் சாக்குச் செல்லாது. எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். நிறுத்தியபோது இலகுவாக விழுந்து, ஓடும்போது எல்லாக் கியரும் இறுக்கம் என்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை. மாஸ்டர் சிலிண்டர், கீழ்ச் சிலிண்டர், கிளட்ச் ஒயில் மூன்றையும் பாருங்கள். கிளட்ச் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், கடலோர ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

இரண்டாம் கியர் மட்டும் உறுமினால் அதன் பித்தளை வளையம் தேய்ந்திருக்கிறது. முதலில் சரியான ஒயிலைப் போட்டுப் பாருங்கள் (முந்தின பதில்), சில வண்டிகளில் அதோடு அடங்கும். அடங்காவிட்டால் ஆறுதலாகக் கியர் மாற்றிக் கொஞ்சக் காலம் ஓடலாம். அடுத்த கிளட்ச் வேலைக்குக் கியர் பொக்ஸ் இறங்கும்போது அதையும் செய்தால் கூலி மிச்சம்.

எஞ்சின் ஒயில் போத்தில்ல 10,000 எண்டு போட்டிருக்கு, பாஸ் 5,000 எண்டுறார். யாரை நம்புறது?

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் புழுதி வீதியில் ஓடுபவர் பாஸை நம்பட்டும். போத்தலில் உள்ள எண் நல்ல வீதி, நல்ல டீசல், நீண்ட ஓட்டம் என்று வைத்துப் போட்டது. ஏசியைப் போட்டுவிட்டு வண்டிக்குள் காத்திருக்கும் நேரமும் கணக்கு. மீற்றர் அசையாது, எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் 5,000 என்பது பழைய டீசலுக்கு மிகையில்லை. பெற்றோல் ஜீப் நீண்ட தார் வீதி ஓட்டம் என்றால் 7,000 வரை விடலாம்.

எயார் ஃபில்டரை மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கம்பிரசர் காற்றால் ஓங்கி ஊதி அதன் கடதாசியைக் கிழித்துவிட்டுத் திரும்பப் போடுகிறவர்கள் உண்டு. கிழிந்த ஃபில்டர் வழியே போகும் புழுதி பிஸ்டன் வளையங்களைத் தின்றுவிடும்.

டைமிங் பெல்ட் எண்டு ஒண்டு இருக்காமே?

இருக்கிறது, எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது அதுதான். சிலதில் பெல்ட், சிலதில் செயின். மிட்சுபிஷியில் 4டி56 எஞ்சினுக்குப் பெல்ட், 4எம்40 எஞ்சினுக்குச் செயின். மேலே சொன்ன 1எச்இசட்டுக்கும் பெல்ட்தான், 1,00,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 4டி56இல் இரண்டாவதாக ஒரு சின்னப் பெல்ட்டும் உண்டு, அது அறுந்து பெரியதையும் இழுத்துக்கொண்டு போகும். எனவே இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். பாவித்த வண்டி வாங்கி, எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் முதல் கிழமையே மாற்றிவிடுங்கள்.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கம்தான் ஓட்டம். எஞ்சின் நல்லாயிருக்கு, அடிப்பக்கம் உக்குது. என்ன செய்ய?

திருகோணமலையில் ஜீப்பைக் கொல்வது பெரும்பாலும் எஞ்சின் இல்லை, உப்பு. புல்மோட்டை வீதி நெடுகிலும் ஒரு பக்கம் கடல், இடையிடையே களப்பு. காற்றிலேயே உப்பு இருக்கிறது. இதற்கு மேல் மீன் பெட்டி ஏற்றினால் ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் பின் தரையின் மடிப்புகளுக்குள் போய் இருந்துவிடும். பெட்டிக்குக் கீழே ஓரம் உயர்ந்த தட்டு வையுங்கள். பின் தரை விரிப்பை அடிக்கடி தூக்கிப் பாருங்கள்.

மணலில் ஓடிய அன்றே அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் அடிக்க வேண்டும். சில இடங்களில் கிணற்றுத் தண்ணீரே உவர், அதால் கழுவிப் பயனில்லை. சட்டத்தில், அதாவது ஷசியில், தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும், மணல் அடைத்திருந்தால் கம்பியால் குத்தி விடுங்கள். பிரேக் குழாய் இரும்பு. அது உக்கினால் ஒரு நாள் பெடல் தரைக்குப் போகும், அதைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். துருவுக்கு மேலேயே கறுப்பு அண்டர்கோட் அடிப்பது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிற வேலை. சுரண்டி, துரு தடுக்கும் பூச்சு அடித்து, காய்ந்த பிறகு அடியுங்கள். பழைய எஞ்சின் ஒயிலை அடிப்பக்கம் விசிறுவது ஊர் வழக்கம்தான், ஆனால் அது ரப்பர் புஷ்களை ஊத வைக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மாரி வெள்ளத்துக்குள்ள வெருகல் பக்கம் விட்டுட்டன், சில்லு மறையத் தண்ணி. கியர் பொக்ஸுக்குள்ள போயிருக்குமா?

போயிருக்கலாம். ஓடிச் சூடான டிஃபரென்ஷியல் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கும்போது உள்ளே உள்ள காற்று சுருங்கி, வெளியே இருப்பதை உறிஞ்சும். அந்தப் பெட்டிக்குக் காற்று போய்வரும் மூச்சுக் குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உடனே மாற்றுங்கள், சில நூறு கிலோமீற்றர் கழித்து இன்னொரு முறையும் மாற்றுங்கள். முன் சில்லு பெயாரிங்கின் கிரீசும் புதிதாக வேண்டும்.

தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தள்ளும் தண்டான கொன்ரொட் வளையும். கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

இறக்கத்தில நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்தானே?

இல்லை. கியரிலேயே இருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குப் போகும் டீசல் அநேகமாக நின்றுவிடும். நியூட்ரலில் ஐட்லிங்குக்கு டீசல் போகும், எஞ்சின் பிடியும் போய்விடும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் பொழுதுபட்ட பிறகு யானை குறுக்கே நின்றால் அந்தப் பிடி வேண்டும்.

டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று 40இல் ஐந்தாம் கியர் போட்டு வண்டியை நடுங்க வைப்பவர்களுக்கும் ஒரு சொல். அந்த நடுக்கம் முழுவதும் கியர் பொக்ஸ் பெயாரிங்கிலும் முன்னே சொன்ன இரட்டை ஃபிளைவீலிலும் இறங்குகிறது.

ஃபோர் வீலை எப்ப போடுறது? போடாட்டி இறுகிப் போகுமாமே.

தேவைக்கேற்பப் போடும் வகை என்றால் காய்ந்த தார் வீதியில் போடக் கூடாது. முன் பின் சில்லுகள் வளைவில் வேறு வேறு தூரம் ஓடும், இடையில் முறுக்கு ஏறி டிரான்ஸ்ஃபர் பெட்டி பழுதாகும். ஆனால் இறுகாமல் இருக்க, மாதம் ஒருமுறை மணலிலோ ஈரமான கிரவல் வீதியிலோ சில கிலோமீற்றர் போட்டு ஓடுங்கள்.

அண்ணா, புது டீசல் ஜீப் வாங்கினா இந்தத் தொல்லையெல்லாம் இல்லத்தானே?

வேறு தொல்லை வரும். புதிய டீசல்களில் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. அது தன்னைச் சுத்தம் செய்ய நீண்ட, சூடான ஓட்டம் வேண்டும். உப்புவெளிக்கும் நகரத்துக்கும் இடையில் மட்டும் ஓடினால் அடைக்கும். சுத்தம் செய்யும் வேலை பாதியில் நின்றால் டீசல் எஞ்சின் ஒயிலோடு கலந்து ஒயில் மட்டம் ஏறும். ஒயில் குறைவதைப் போலவே ஏறுவதும் கெட்ட அறிகுறி. இந்த வண்டிகளுக்குக் கந்தகம் குறைந்த சூப்பர் டீசல்தான் போட வேண்டும், அந்த விலை வித்தியாசத்தையும் மாதச் செலவில் சேருங்கள். நகர ஓட்டம்தான் கூட என்றால் பெற்றோல் ஜீப்பைப் பாருங்கள்.

எங்கட ஒஃபீஸ் ஜீப்பை மூண்டு பேர் ஓட்டுறாங்க. ஆறு மாசத்தில கிளட்ச் போச்சு, ஆளாளுக்கு மற்றவரைச் சொல்றாங்க.

யார் என்று கண்டுபிடிக்க முயல வேண்டாம், சண்டைதான் மிஞ்சும். பொதுவாக ஓட்டும் வண்டிக்கு ஓட்டப் புத்தகம் வையுங்கள். சாரதி, மீற்றர், போட்ட எரிபொருள் மூன்றையும் எழுதட்டும். 100 கிலோமீற்றருக்கு யாருடைய நாட்களில் எவ்வளவு டீசல் என்று மூன்று மாதத்தில் புத்தகமே சொல்லிவிடும். கிளட்சைத் தேய்க்கிறவர் அநேகமாக டீசலையும் கூட எரிப்பார். அதற்கு முன் ஒன்று பாருங்கள்: கிளட்ச் பெடலை மிதிக்கத் தொடங்கும் இடத்தில் கொஞ்சம் வெறும் அசைவு இருக்க வேண்டும். அது இல்லாமல் இறுக்கிப் பூட்டியிருந்தால் மூன்று பேரிலும் பிழையில்லை, கிளட்ச் தானாக வழுக்கியிருக்கும்.

நாலு லட்சம் கடந்தாச்சு. எஞ்சின் செய்யிறதா, வித்துப்போட்டு வேற எடுக்கிறதா?

முதலில் ஜீப்பைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள், உப்பைப் பற்றிச் சொன்னதெல்லாம் இங்கே வருகிறது. ஷசியில் சுத்தியலால் தட்டும்போது உதிர்ந்து ஓட்டை விழுந்தால் எஞ்சினில் ஒரு சதமும் போட வேண்டாம். ஷசி நல்லது என்றால் எஞ்சினைச் சோதியுங்கள். ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை அடித்து அடித்து வருகிறதா, ஒவ்வொரு சிலிண்டரின் கம்பிரஷன் எவ்வளவு, ரேடியேட்டர் தண்ணீர் காரணமில்லாமல் குறைகிறதா? கம்பிரஷன் சமமாக இருந்தால் இன்ஜெக்டர், வால்வ் இடைவெளி போன்ற சின்ன வேலையோடு இன்னும் ஓடும். பலர் தேவையில்லாமல் எஞ்சினைத் திறந்துவிடுகிறார்கள்.

திறக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு தரம் கணக்குப் போடுங்கள். எஞ்சின், கிளட்ச் செட், டயர், சஸ்பென்ஷன் எல்லாம் சேர்த்து வண்டியின் சந்தை விலையில் மூன்றில் ஒன்றைத் தாண்டாவிட்டால் செய்வதுதான் என் பக்கம். தெரியாத இன்னொரு பழைய வண்டியை வாங்கி அதன் வருத்தங்களை முதலிலிருந்து கண்டுபிடிப்பதை விட, வருத்தம் தெரிந்த வண்டி மேல். பழைய எஞ்சினைச் செய்யாமல் வேறு எஞ்சின் வாங்கிப் போடுவதானால் அதன் இலக்கத்துக்கான கடதாசியைக் கேட்டு வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதியுங்கள். பதியாமல் ஓடினால் விற்கப் போகும் நாளில் புத்தகத்தில் உள்ள இலக்கமும் எஞ்சினில் உள்ள இலக்கமும் ஒத்துவராது, வாங்க வந்தவர் திரும்பிப் போவார்.